ஒரு படகு நிற்க எத்தனை சென்ட் வேண்டும்?

நங்கூரம் போடுவதா, நிலையான மிதவையில் கட்டுவதா? தேங்காப்பட்டணம் முதல் மன்னார் வளைகுடா வரை நம் கடலோரம் பேசித் தீர்க்கவேண்டிய கேள்வி.

மார்த்தாண்டம் சந்திப்பில் நின்று யார் பேச்சைக் காதில் வாங்கினாலும் அதில் ஒரு 'சென்ட்' வந்துவிடும். வீட்டுமனை 5 சென்ட், ரப்பர் விளை 50 சென்ட், வழிப்பாதைக்கு விட்டது அரை சென்ட். எல்லைக்கல் ஓரடி நகர்ந்தால் அடுத்த தலைமுறைவரை வழக்கு நடக்கும். மண்ணை அவ்வளவு நுணுக்கமாக அளக்கிற ஊர் இது. இங்கிருந்து புதுக்கடை, பைங்குளம் வழியாகப் பேருந்து பிடித்தால் தேங்காப்பட்டணம். குழித்துறையைத் தொட்டு வருகிற தாமிரபரணி கடலோடு சேருகிற பொழிமுகம் அங்கேதான். மீன்பிடித் துறைமுகமும் அங்கேதான்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலுக்கு மீன்பிடித் தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் இதில் ஒரு விசித்திரம் உண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல் கணக்கு. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடல் கணக்கு. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். தடை நாள்களில் துறைமுகத்துக்குப் போனால் படகுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைப் பார்க்கலாம். ஒன்றின் விளிம்பு இன்னொன்றை இடிக்காமலிருக்க நடுவில் பழைய டயர்கள். முன்பக்கமான அணியத்திலிருந்து ஒரு கயிறு, பின்னாலிருந்து ஒரு கயிறு. அலைச்சுவருக்கு வெளியே கச்சான் காற்றில் கடல் கொதித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் காட்சியைப் பார்த்த ஒரு நாளில்தான் இந்தக் கேள்வி எனக்குள் விழுந்தது. ஓடுகிற படகுக்கு எஞ்சின், டீசல், வலை, ஐஸ் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறோம். நிற்கிற படகுக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறோம்?

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 அடி நீளமுள்ள படகு, அதாவது 15 மீட்டர். அது நிற்கும் இடத்தில் ஆழம் 6 மீட்டர். தண்ணீருக்குமேல் அணியத்தின் உயரத்தையும் சேர்த்தால் 7 மீட்டர். கயிற்றில் நங்கூரம் போட்டால் இந்த உயரத்தைப்போல் ஏழு மடங்கு நீளம் விடவேண்டும் என்பது உலகெங்கும் கடலோடிகள் கைக்கொள்ளும் வழக்கம். அப்படியானால் 49 மீட்டர் கயிறு. காற்றும் நீவாடும் (நீரோட்டம்) திரும்பத் திரும்பப் படகு நங்கூரத்தைச் சுற்றி வட்டம் போடும். கயிறும் படகும் சேர்ந்த அந்த வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 63 மீட்டர். பரப்பு 12,500 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 308 சென்ட். மூன்று ஏக்கருக்கும் மேல்!

அதே படகைக் கடலடியில் நிலையாகப் பதித்த மிதவை ஒன்றில் கட்டினால்? கட்டுக்கயிறும் சங்கிலியின் தளர்ச்சியும் சேர்ந்து 10 மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். படகு 15 மீட்டர். ஆரம் 25 மீட்டர். பரப்பு 1,960 சதுர மீட்டர். 48 சென்ட்.

நங்கூரம் போட்ட ஒரு படகு சுற்றிவரும் பரப்பு, மிதவையில் கட்டிய படகு சுற்றிவரும் பரப்பைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். எல்லாப் படகுகளும் ஒரே திசையில் சேர்ந்து திரும்பினால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் மோதல் வராது என்பது உண்மைதான். ஆனால் எல்லாப் படகும் ஒன்றுபோல் திரும்புவதில்லை. இலேசான பைபர் வள்ளம் காற்றுக்குத் திரும்பும். நீருக்குள் ஆழமாக இறங்கிய விசைப்படகு நீவாட்டுக்குத் திரும்பும். நங்கூரத்தில் நிற்கும் படகும் மிதவையில் நிற்கும் படகும் ஒரே இடத்தில் கலந்துவிட்டால் ஒன்று நீண்ட வட்டமும் மற்றது குறுகிய வட்டமும் போடும். நள்ளிரவில் காற்று மாறும்போது இடிப்பது இவைதான். அதனால் ஒரு வளைகுடாவில் நங்கூரமா மிதவையா என்பதைப் படகுக்காரர் தனித்தனியாக முடிவுசெய்ய முடியாது. ஊரே சேர்ந்து முடிவுசெய்தாக வேண்டும்.

கரையேறிய மரம், ஏறாத படகு

நம் முன்னோருக்கு இந்தத் தலைவலி இல்லை. கட்டுமரம் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு தடியாக மணலில் ஏற்றி உலர வைத்துவிடுவார்கள். இரவில் கடலில் நிற்க வேண்டிய அவசியமே அதற்குக் கிடையாது. கடற்கரைதான் அதன் தொழுவம். கடலில் நிறுத்த வேண்டியிருந்தால் கயிற்றில் கட்டிய கல்லே போதும். நாம் இன்று சொல்லும் 'நங்கூரம்' பாரசீகத்தின் 'லங்கர்' வழியாக வந்த சொல். பொருளோ அதைவிடப் பழையது. துவாரகைக் கடலில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூழ்கிப் பார்த்தபோது துளையிட்ட கல் நங்கூரங்கள் நிறையக் கிடைத்தன.

பெரிய கப்பல்கள் வந்த காலத்திலும் குளச்சலில் அவை கரையைத் தொடவில்லை. தள்ளி நங்கூரமிட்டு நிற்க, வள்ளங்கள்தான் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. 1741 ஆகஸ்டில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்ற டச்சுக்காரர்களின் கப்பல்களும் இந்தத் திறந்த கடலில் நின்றவைதான்.

எஞ்சின் வந்ததும் கதை மாறியது. 1980களில் முட்டத்தின் படகு கட்டும் மையத்தில், பெல்ஜியப் பாதிரியார் பியர் ஜிலேயின் முயற்சியில், கரையில் ஏற்றி இறக்கக்கூடிய ஒட்டுப்பலகை வள்ளங்கள் உருவாயின. மணலில் ஏற்ற முடிகிற படகாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருந்ததன் நியாயம் இன்று நன்றாகப் புரிகிறது. பிறகு பைபர் வள்ளம் வந்தது. இரையுமன்துறை முதல் நீரோடி வரையுள்ள தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்களும் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் பெயர்பெற்றன. கொச்சி, லட்சத்தீவு, அதற்கும் அப்பால் என்று வாரக்கணக்கில் போய்வரும் பெரும்படகுகள் அவர்களுடையவை. அந்தப் படகை நூறு பேர் பிடித்தாலும் மணலில் ஏற்ற முடியாது. அது தண்ணீரில்தான் நின்றாக வேண்டும்.

எங்கே நிற்பது என்பது உயிர்ப் பிரச்சினை என்று ஒக்கிப் புயல் காட்டியது. 2017 நவம்பர் 30. அந்தப் புயலில் இந்த மாவட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்களை இழந்தது. அதே நாள்களில் 68 படகுகளும் 952 மீனவர்களும் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் பாதுகாப்பாக ஒதுங்கினார்கள் என்ற செய்தி வந்தது. அவர்களைக் காப்பாற்றியது அலை அடங்கிய ஒரு நீர்ப்பரப்பு, நின்றுகொள்ள ஓர் இடம்.

கயிற்றில் கைவைத்துப் பார்த்தால்

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்துக்கொள்கிறது என்றுதான் கரையில் இருக்கிற நாம் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒருமுறை வள்ளத்தில் பார் தேடிப் போகும்வரை. கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டைத்தான் இங்கே 'பார்' என்பார்கள். மேலே எந்த அடையாளமும் இருக்காது. கோயில் கோபுரம் ஒன்றை அதன் பின்னாலுள்ள மலையின் ஒரு முனையோடு நேர்கோட்டில் பொருத்தி, வேறொரு பக்கத்தில் இன்னொரு ஜோடியையும் பொருத்தி, இரண்டு கோடும் வெட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அதற்குக் 'கணிச்சம்' என்று பெயர். ஜிபிஎஸ் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நடக்கிற அளவை இது.

பாரின் ஓரத்து மணலடி வந்ததும் வள்ளத்தை ஓட்டியவர் எஞ்சினை அணைத்தார். நங்கூரத்தை வீசவில்லை, கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி மெல்ல இறக்கினார். அது அடியைத் தொட்டதும் வள்ளத்தைப் பின்னோக்கி மிதக்கவிட்டுக் கயிற்றை நீளமாகக் கொடுத்தார். பிறகு இறுகிய கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். என் கையையும் வைக்கச் சொன்னார். கயிற்றுக்குள் கொரகொரவென்று ஒரு நடுக்கம். நங்கூரம் அடியில் உழுதுகொண்டிருக்கிறது, இன்னும் பிடிக்கவில்லை என்பது அதன் பொருள். இன்னும் இரண்டு பாகம் கயிறு விட்டார். ஒரு பாகம் என்றால் இரண்டு கையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறு அடி. நடுக்கம் நின்றது. கயிறு கம்பிபோல விறைத்தது. பிடித்துவிட்டது.

அந்த நடுக்கத்தில் இருக்கிறது நங்கூரத்தின் முழுப் பாடமும். படகைப் பிடிப்பது நங்கூரத்தின் கை மண்ணுக்குள் இறங்கும் பிடிமானம். இழுப்பு படுக்கைவாட்டில் இருக்கும்வரை அது ஆழமாக இறங்கும். இழுப்பு செங்குத்தாகிவிட்டால் ஆணியைப் பிடுங்குவதுபோலக் கழன்று வந்துவிடும். ஏழு மடங்கு கயிறு விடுவது இந்தக் கோணத்தைத் தாழ்த்தி வைக்கத்தான். நங்கூரத்தையொட்டிச் சில மீட்டர் சங்கிலி கோப்பதும் அதற்காகத்தான். சங்கிலியின் எடை கயிற்றின் அடிமுனையைக் கீழேயே அழுத்தி வைக்கும். இடம் நெருக்கடியானால் கயிற்றைக் குறைப்பார்கள். கயிறு குறைந்தால் கோணம் உயரும். கோணம் உயர்ந்தால் பிடி விடும். நெரிசலான வளைகுடாவில் நங்கூரம் தோற்பது இப்படித்தான்.

பாறையில் கதை வேறு. அங்கே கட்டுமானக் கம்பியை வளைத்து நாலு கையாகப் பற்றவைத்த நங்கூரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மூன்று கைகள் கொக்கியாக இருந்தன. ஒன்று மட்டும் நேராக நிமிர்ந்திருந்தது. உடைந்துபோனதோ என்று நினைத்தேன். பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்கும்போது கை நிமிர்ந்து விடுபட வேண்டும் என்பதற்காகவே வளையக்கூடிய கம்பியில் செய்கிறார்கள். கரைக்கு வந்து மறுபடி வளைத்துக்கொள்ளலாம். கயிற்றை அறுத்து நங்கூரத்தை இழப்பதற்கு அது எவ்வளவோ மேல். இந்த அறிவுக்கு எந்தக் கல்லூரியிலும் பட்டம் கொடுக்கவில்லை.

நங்கூரத்தின் பெரிய பலம் இதுதான்: அது படகுக்காரர் கையில் இருக்கிறது. கயிறு நைந்ததா, கை தேய்ந்ததா என்று தினமும் அவரே பார்க்கிறார். பிடித்ததா இல்லையா என்று உள்ளங்கையால் கேட்டுக்கொள்கிறார். பலவீனமும் அதே இடத்தில்தான். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் சூறைக்காற்று வீசும்போது நங்கூரக் கயிறு அறுந்து படகுகள் மோதின, கரை ஒதுங்கி உடைந்தன என்ற செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். படகில் ஆள் இல்லாத இரவில் கயிற்றில் கைவைத்துப் பார்க்க யாரும் இல்லை.

மிதவைக்கு அடியில் என்ன இருக்கிறது?

மிதவையைக் கடற்கரையில் 'போயா' என்றும் சொல்வார்கள். மேலே தெரிவது ஒரு பந்து. படகைப் பிடிப்பது அடியில் இருப்பது. கான்கிரீட் கட்டையை இறக்குவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. ஒரு டன் கான்கிரீட் கரையில்தான் ஒரு டன். கடல்நீர் தூக்கிக் கொடுப்பதால் அடியில் அதன் எடை ஏறக்குறைய 570 கிலோவாகக் குறைந்துவிடும். கருங்கல் என்றால் 610 கிலோ. இரும்பு என்றால் 870 கிலோ. கரையில் பார்த்துப் பெருமைப்பட்ட எடையை நம்பி ஐம்பதடிப் படகைக் கட்டினால் ஒரு புயலில் கட்டையோடு சேர்ந்து படகும் நடக்கத் தொடங்கும்.

கட்டையிலிருந்து எழும் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அடியில் கிடக்கும் பகுதி அசையாது. மேலே தொங்கும் பகுதி மெல்ல ஆடும். இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு அலைக்கும் எழுந்து எழுந்து மணலில் விழும் சில கண்ணிகள்தான் முதலில் தேயும். விரல் தடிமன் இருந்த கண்ணி பென்சில் தடிமனுக்கு வந்திருக்கும். மேலே மிதவை பளபளவென்று புதிதாக இருக்கும். படகைக் கட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. கண்ணியையும் கட்டையையும் இணைக்கும் கொளுவியின் ஆணியைக் கம்பி சுற்றிப் பூட்டாவிட்டால், ஆட்டத்தில் அது தானாகவே திருகிக் கழன்றுவிடும். இதையெல்லாம் ஒருவர் மூழ்கி, கண்ணால் பார்த்து, அளந்து, எழுதி வைக்க வேண்டும். அந்த ஆளும் அந்த ஏடும் இல்லாத மிதவை, நங்கூரத்தைவிட ஆபத்தானது. நங்கூரம் போட்டவர் சந்தேகத்தோடு தூங்குவார். மிதவையில் கட்டியவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

இதற்கு நல்ல தீர்வுகளை உலகம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1981இல் அமெரிக்காவின் புளோரிடா கீஸ் தீவுகளில் ஜான் ஹாலாஸ் என்ற கடல் உயிரியலாளர், கடலடிப் பாறையில் துளையிட்டு, வளையம் கொண்ட இரும்புத் தண்டைச் சிமெண்டால் பதித்து, அதிலிருந்து மிதக்கும் கயிற்றை எடுத்துவந்து மிதவையில் கட்டினார். கட்டையும் இல்லை, அடியில் இழுபடும் சங்கிலியும் இல்லை. பவளப்பாறைகள் உள்ள பல நாடுகளுக்கு அந்த முறை பரவியது. மணற்பாங்கான இடங்களுக்குத் திருகாணிபோல் அடிக்குள் சுழற்றி இறக்கும் தண்டுகள் வந்தன. சங்கிலி தரையில் புரளாமலிருக்க அதன் நடுவே, நீருக்குள்ளேயே, ஒரு சிறு மிதவையைக் கோக்கும் வழக்கமும் வந்தது.

அடியில் இருப்பது மணல் மட்டுமா?

இதுவரை சொன்னது படகின் பக்கம். கடலடியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.

1986இல் அமைந்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளையும் கடற்புல் பரப்பையும் கொண்டது. கிளைவிடும் பவளம் ஆண்டுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பாறையாக வளரும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள உருண்டைப் பவளம் என்றால் அது பல பத்தாண்டுகள் வளர்ந்தது. அதை ஒரு நங்கூரம் ஒரு நொடியில் பிளந்துவிடும். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உடைந்த பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி வளர்த்துப் பழைய இடங்களில் நட்டுவருகிறார்கள். ஒவ்வொரு துண்டாகக் கையால் கட்டும் வேலை அது.

கடற்புல் இன்னும் கவனிக்கப்படாதது. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசுவுக்கு அந்தப் புல்தான் சோறு. இறால், நண்டு, மீன் குஞ்சுகளுக்கும் அந்தப் புல்தான் தொட்டில். உழுதுகொண்டு போகிற நங்கூரம் அந்தப் புல்லை வேரோடு பிடுங்கிவிடும். சங்கிலி வட்டமாகச் சுற்றி மழித்துவிடும். ஆகவே பழைய பாணி மிதவையும் இங்கே குற்றவாளிதான்.

மத்தியதரைக் கடலில் பொசிடோனியா என்னும் கடற்புல் ஆண்டுக்கு ஒரு சில சென்டிமீட்டர்தான் படரும். ஸ்பெயினின் பலேரிக் தீவுகள் 2018இல் அந்தப் புல்லின்மேல் நங்கூரமிடுவதைச் சட்டத்தால் தடுத்தன. பிரான்சும் 2019 முதல் அந்தக் கரையில் பெரிய உல்லாசப் படகுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கரீபியக் கடலின் பொனேர் தீவு 1979இல் கடற்பூங்காவை அமைத்துப் பவளத்தின்மேல் நங்கூரம் கூடாதென்று சொல்லி, பொது மிதவைகளை நிறுவியது. இங்கிலாந்தின் ஸ்டட்லண்ட் வளைகுடா கோடையில் படகுகள் மொய்க்கும் இடம். கடற்குதிரைகள் வாழும் புல்வெளியும் அங்கேதான். 2019இல் அது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி ஆனது. 2021இல் புல்மேல் நங்கூரம் போடாதீர்கள் என்று படகுக்காரர்களிடம் தன்னார்வ ஒத்துழைப்பு கேட்டார்கள். தரையைச் சுரண்டாத மிதவைகளையும் போட்டார்கள். போடாதே என்று சொன்ன கையோடு நிற்க வேறு இடமும் கொடுத்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நம் கடலில் அந்த இரண்டாவது பாதி எப்போதும் விடுபட்டுப் போகிறது. பூங்கா அறிவிப்பு வந்தால் மீனவர் காதில் விழுவது 'போகாதே' என்ற சொல் மட்டும். தீவுகளின் பக்கம் மிதவை ஒன்று தெரிந்தால் அதை எல்லைக்கல்லாகத்தான் அவர் பார்க்கிறார். அந்தப் பார்வைக்குக் காரணம் இருக்கிறது. தலைமுறையாகப் போய்வந்த கடலில் ஒருநாள் கோடு விழுந்ததை அனுபவித்தவர் அவர். உல்லாசப் படகுகளுக்காக நம்மை விரட்டத்தான் மிதவை வருகிறது என்று அவருக்குத் தோன்றினால் எந்தத் திட்டமும் ஓராண்டு தாங்காது. முதல் மிதவை மீன்பிடிக்கும் வள்ளத்துக்கானதாக இருக்க வேண்டும். சுற்றுலாப் படகு அதற்குப் பிறகு வரட்டும்.

ஊர் பேணாத மிதவை

மிதவை யாருடையது என்ற கேள்விக்கு நம் கடலிலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தரவு மிதவைகளை நிறுத்திவருகிறது. காற்று, அலை, நீர் வெப்பம் எல்லாவற்றையும் அளந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும் கருவிகள் அவை. ஆழ்கடலில் மிதக்கும் எந்தப் பொருளின் நிழலிலும் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு போகும். போன படகு மிதவையிலேயே கயிற்றைக் கட்டிவிடும். இழுப்பில் கருவி உடையும், கட்டு அறும், மிதவை அலைந்து போகும். இந்தச் சேதத்தைத் தடுக்க அந்த நிறுவனம் மீனவர் ஊர்களில் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்துகிறது.

கட்டியவரைத் திட்டுவது எளிது. நிற்க இடமில்லாத கடலில் நிற்கிற பொருளைக் கண்டவர் அவர். அந்தப் பந்துக்குள் தன் ஊருக்கு வரப்போகும் புயலின் முன்னறிவிப்பு இருக்கிறது என்று அவருக்கு உறைக்கும்படி யாராவது சொன்னார்களா? ஒக்கியில் உறவை இழந்த ஊருக்குப் போய் அதைச் சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்றே நம்புகிறேன். பொது மிதவைக்கும் இதே விதிதான். ஊர் தன்னுடையது என்று நினைக்காத மிதவையின் சங்கிலி அடுத்த மாதமே காணாமல் போகும்.

அப்படியானால் ஊர் பேணுமா? பேணும் என்பதற்கு என்னிடம் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

முதல் சாட்சி கடலில். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற பங்கீடு நடைமுறையில் இருந்துவருகிறது. சண்டைக்குப் பிறகு பேச்சில் பிறந்த ஏற்பாடு அது. நம் மாவட்டக் கரையிலும் ஊர்க் கமிட்டியும் பங்குப் பேரவையும் வைத்த கட்டுப்பாட்டை மீறிக் கடலுக்குப் போக யாரும் எளிதில் துணிவதில்லை.

இரண்டாவது சாட்சி கரையில், மார்த்தாண்டத்திலேயே. 1920களில் ஒய்எம்சிஏ சார்பில் இங்கே வந்த ஸ்பென்சர் ஹேட்ச் கிராமப் புனரமைப்பு மையத்தைத் தொடங்கினார். தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் கற்றுக்கொடுத்ததோடு, விளைந்ததைச் சேர்ந்து விற்கும் கூட்டுறவையும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு பெட்டி தேன். தனியாக அதற்குச் சந்தை இல்லை. சேர்ந்தபோது 'மார்த்தாண்டம் தேன்' என்று பெயரே உருவானது. சிறு சிறு பங்கைச் சேர்த்து, கணக்கு எழுதி, தரம் பார்த்து ஒரு பொதுச் சொத்தைக் காப்பாற்றும் பழக்கம் இந்த மண்ணில் நூறாண்டாக இருக்கிறது. அதே பழக்கம் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கடலுக்குள் இறங்க முடியாதா?

எங்கே எது?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மணற்பாங்கான அடி, போதிய இடம், படகில் ஆள் உண்டு என்றால் நங்கூரமே போதும். அதைவிட மலிவான, நம்பகமான கருவி இல்லை. பவளமும் கடற்புல்லும் உள்ள இடத்தில், ஒரே பாருக்குத் தினமும் பல வள்ளங்கள் போகிற இடத்தில், ஆளில்லாத படகுகள் இரவில் நெருங்கி நிற்கிற இடத்தில் மிதவை வேண்டும். அதைப் பேணுகிற ஆளும் பணமும் உறுதியான பிறகே அதைப் போட வேண்டும்.

இந்தக் கரையில் துறைமுகம் பற்றிய பேச்சு எல்லாம் தூண்டில் வளைவு என்னும் அலைத்தடுப்புச் சுவரிலும் மணல் அள்ளுவதிலும் சுற்றிச் சுற்றி நிற்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் மணல் மேடிட்டு, அலை எழும்பி, படகு கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. வாசல் பாதுகாப்பாக இல்லாத வீட்டில் உள்ளறையைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்டால் அந்தக் கோபத்தின்முன் நான் தலைகுனிகிறேன். வாசலைச் சரிசெய்வது முதல் வேலை. ஆனால் அந்த வேலையோடு சேர்த்துச் செய்யக்கூடிய சிறிய காரியங்கள் இருக்கின்றன. துறைமுகத்துக்குள் எந்தப் பகுதி கட்டுவதற்கு, எந்தப் பகுதி நங்கூரத்துக்கு என்று தண்ணீரிலும் எல்லை வகுக்கலாம். வள்ளங்கள் அதிகம் கூடும் பார்களில் ஒன்றிரண்டைத் தேர்ந்து, பாறையில் துளையிட்டுப் பதிக்கும் முறையில் சோதனைக்கு மிதவை வைக்கலாம். இடத்தைத் தேர்வது கணிச்சம் தெரிந்த மூத்தவர்களாக இருக்கட்டும். நம் ஊர் இளைஞர்கள் சிலருக்கு மூழ்குநர் பயிற்சி கொடுத்துச் சம்பளத்தோடு அந்தப் பணியில் அமர்த்தட்டும் மீன்வளத் துறை. மட்டி எடுக்க மூச்சடக்கி இறங்கும் பிள்ளைகள் இந்தக் கரையில் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

தடைக்காலத்தின் 61 நாளில் படகு வண்ணம் பூசிக்கொள்கிறது, வலை தைக்கப்படுகிறது, எஞ்சின் பிரித்துக் கோக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் இன்னொரு வரி சேர வேண்டும். கடலடியிலிருந்து ஒரு சங்கிலிக் கண்ணியை மேலே கொண்டுவந்து, ஊர்க் கூட்டத்தின் நடுவே மேசையில் வைத்து, போன ஆண்டு எத்தனை மில்லிமீட்டர் இருந்தது, இந்த ஆண்டு எத்தனை இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் அளந்து ஏட்டில் எழுத வேண்டும். எல்லைக்கல் ஓரடி நகர்ந்தால் நீதிமன்றம் போகிற ஊர் நம்முடையது. அந்த அக்கறையில் ஒரு பங்கைத் தண்ணீருக்கடியில் இருக்கும் அந்த இரும்புக்குக் கொடுத்தால், ஐப்பசிக் காற்று அடிக்கும் இரவில் படகை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் கண்ணை மூடித் தூங்கலாம்.